தூசி படாமல் பாதுகாக்கவும்

இத்தியடியின் காற்றை வளித்தூய்மைச் சபை அளந்து பார்ப்பதற்கு உதயகலா பதினொரு கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. பத்தாவது கடிதத்தோடு ஒரு போத்தல் காற்றும் அனுப்பினாள்.

இத்தியடி என்பது புத்தூருக்கும் கோப்பாய்க்கும் நடுவே, பெருந்தெருவை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற முப்பத்தாறு வீடுகள். இரண்டு வருடங்களுக்கு முன்னர், தெருக்கள் போடுவதற்காக ஊரின் தென்மேற்கு மூலையில் ஒரு தார் ஆலை வந்தது. கல்லையும் தாரையும் சூடாக்கிக் கலக்கிற ஆலை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அதன் புகை ஊருக்குள் வந்தது. மற்ற மாதங்களில் லொறிகளின் தூசி வந்தது. ஆலை வந்த வருடமே உதயகலாவின் மகள் வினோஜாவுக்கு இழுப்பும் வந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. புகை வரும் நாட்களில் பிள்ளை நிமிடத்துக்கு நாற்பது தரம் மூச்செடுத்தாள். உதயகலா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணியிருக்கிறாள்.

ஒன்பதாவது கடிதத்துக்குச் சபையிடமிருந்து பதில் வந்தது. “முறைப்பாட்டுக்குரிய பொருளின் மாதிரி இணைக்கப்படவில்லை” என்று இருந்தது. உதயகலாவுக்கு விளங்கவில்லை. மாமா சீவரத்தினத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சீவரத்தினம் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தவர். சைக்கிளால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து கட்டிலோடு கிடந்தார். அரசாங்கக் கடிதம் என்றால் மட்டும் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்காருவார்.

“காத்தைத்தான் கேக்கினம்” என்றார்.

“காத்தை எப்பிடி மாமா அனுப்புறது?”

“ரெஜிஸ்டர் தபாலிலை.”

தோடம்பழச் சாறு வந்த போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, புகை நன்றாக இறங்கிய ஒரு காலையில் வாசல் படலையடியில் தூக்கிப் பிடித்து, மூடி, ரேப் சுற்றி அனுப்பினாள். மூன்று கிழமையில் பதில் வந்தது. “தாங்கள் அனுப்பிய போத்தல் வெறுமையாகக் கிடைத்தது. உள்ளிருந்த பொருள் வழியில் சிந்தியிருப்பின் தபாற் கந்தோரில் விசாரிக்கவும்.”

“அவையிலை பிழையில்லை” என்றார் சீவரத்தினம். “நீ லேபிள் ஒட்டேல்லை.”

பதினோராவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கருவி வந்தது.

அதைக் கொண்டுவந்தவன் கஜானன் என்கிற இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் வந்தான். கருவி, கூரை வைத்த ஒரு தபாற்பெட்டி போல இருந்தது. நான்கு கால்களில் நின்றது. மின்சாரத்தைக் கொடுத்ததும் மிக்சி ஓடுவதுபோல உறுமத் தொடங்கியது. அது ஏழு நாள் அங்கே நிற்கும் என்றான்.

“இது என்ன செய்யும், தம்பி?”

“அளக்கும், அக்கா.”

“நாங்கள் ஏதும் செய்யவேணுமோ?”

“ஒண்டும் செய்யத் தேவையில்லை. அது தன்ரை வேலையைத் தான் பாக்கும். உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ. சாமான் சபையின்ரை. பழுதாப் போனால் உங்களைத்தான் கேப்பினம்.”

கையெழுத்து வைத்த கடதாசியில் இருபத்து மூன்று நிபந்தனைகள் இருந்தன. கஜானன் போனபிறகு சீவரத்தினம் எல்லாவற்றையும் உரத்து வாசித்தார். ஒன்பதாவது நிபந்தனையில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“பொறுப்பேற்பவர், கருவியைத் தூசி, புகை, ஈரம், பறவைகள் ஆகியவற்றிலிருந்து எந்நேரமும் பாதுகாத்தல் வேண்டும்.”

உதயகலா முற்றத்தைப் பார்த்தாள். அதற்குள்ளேயே கருவியின் கூரையில் கரி படிந்திருந்தது. ஓடிப்போய்ச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு நின்று யோசித்தாள். பதினொரு கடிதத்துக்குப் பிறகு வந்த சாமான். இது பழுதானால் இன்னும் பதினொரு கடிதம் எழுத வேண்டிவரும். அதுவரைக்கும் பிள்ளை மூச்செடுக்க வேண்டும்.

நல்லது கெட்டதுகளுக்கு வீட்டில் மேலே துணி விரித்து வெள்ளை கட்டுவார்கள். வருகிறவர்களின் தலையில் தூசி விழக்கூடாது என்பதற்கு. உதயகலா அலுமாரியைத் திறந்து, மாமா கந்தோருக்கு உடுத்த வேட்டிகளில் ஒன்றை எடுத்தாள். நான்கு தடி நட்டு மேலே கட்டினாள். பக்கத்தாலும் தூசி வந்தது. நான்கு பக்கமும் சுற்றிக் கட்டினாள். கீழாலும் வரலாம் என்று சீவரத்தினம் யன்னலுக்குள்ளால் சொன்னார். கீழேயும் கட்டினாள்.

பின்னேரம் தோட்டத்தால் வந்த அவள் புருஷன் சுபாஸ்கரன் முற்றத்தில் நின்று பார்த்தான்.

“உதுக்குள்ளை என்ன, பொம்பிளையோ?”

“சபையின்ரை மெசின். கிட்டப் போகாதேங்கோ, தூசியோடை நிக்கிறியள்.”

“எனக்கு ஒரு நாளும் உப்பிடி வெள்ளை கட்டேல்லை.”

“உங்களுக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை” என்றாள்.

ஏழு நாளும் ஒவ்வொரு வேட்டி. காலையில் வெள்ளையாகக் கட்டியது, பின்னேரம் சட்டி துடைத்த துணியாக இறங்கியது. தோய்த்துப் பார்த்தாள். தார்ப்புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. கறை போகவில்லை. வினோஜா படியில் இருந்து, இழுத்து இழுத்து மூச்செடுத்தபடி, கருவியைக் காவல் காத்தாள். காகம் வந்தால் கை தட்டினாள். எட்டாம் நாள் கஜானன் வந்து கருவியைக் கழற்றும்போது அது வந்த அன்றைவிடப் புதிதாக இருந்தது.

“உங்களைப்போல ஆக்கள் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை, அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மாதத்தில் முடிவோடு அவனே வந்தான். முகம் மலர்ந்திருந்தது. நுண்துணிக்கைகள் கனமீற்றருக்கு நான்கு மைக்கிறோகிராம். குடாநாட்டிலேயே மிகக் குறைவு. நடுக்கடலில்கூட இதைவிடக் கூட இருக்கும் என்றான்.

“அப்ப புகை?” என்றாள் உதயகலா.

“இல்லை, அக்கா. பாருங்கோ.” ஒரு கண்ணாடித்தாள் உறையைக் காட்டினான். உள்ளே பால்வெள்ளையாக ஒரு வட்டக் கடதாசி. “மெசின் காத்தை இழுத்து இதுக்குள்ளாலை விடும். தூசி இருந்தால் இதிலை படியும். அதை நிறுத்துப் பாப்பம். இதிலை ஒண்டுமே படியேல்லை.”

உதயகலா உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அப்ப மெசினுக்குள்ளை தூசி போகவேணுமோ?”

“போகத்தானே வேணும்.”

அவள் உள்ளே போய் ஏழு வேட்டிகளையும் கொண்டுவந்து மர வாங்கில் வைத்தாள். எப்படிக் கட்டினாள் என்று கையால் காட்டினாள். கஜானன் வேட்டிகளைத் தொடவில்லை. அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி ஒவ்வொரு வேட்டிக்கும் கொஞ்சமாக இறங்கியது.

“ஒன்பதாவது நிபந்தனை” என்றார் சீவரத்தினம், யன்னலுக்குள்ளால்.

“ஐயா, அது மழை, காகம், உதுகளுக்கு எழுதினது.”

“தூசி எண்டு எழுதிக் கிடக்கு. புகை எண்டும் கிடக்கு.”

“ஆர் எழுதினதெண்டு எனக்குத் தெரியாது, ஐயா. நான் போன வருசம்தான் வேலைக்கு வந்தனான்.” பிறகு உதயகலாவிடம் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, முடிவு அச்சாகிட்டுது. நீங்கள் தலைவரோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ.”

சபையின் தலைவர் நல்ல மனிதர். உதயகலாவை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி எடுப்பித்தார். அவள் மடியில் இருந்த பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

“உதென்ன?”

“வேட்டியள், சேர். எங்கடை காத்து இதிலைதான் இருக்கு.”

தலைவர் ஒரு பேனையால் மேல் வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“கருவி நாலு மைக்கிறோகிராம் எண்டு சொல்லுது. உந்த வேட்டி எத்தினை சொல்லுது?”

“வேட்டி சொல்லாது, சேர்.”

“அதுதான்” என்றார் தலைவர்.

“திரும்ப ஒருக்கா அளக்கேலாதோ?”

“ஏன் ஏலாது? மாசு கூடின ஊருகளிலை திரும்ப அளக்கிறம். உங்கடை ஊர் அந்தப் பட்டியலிலை இல்லை.”

“ஏன் சேர் இல்லை?”

“அளந்து பாத்திட்டம்தானே.”

உதயகலா தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. “பிள்ளைக்கு இழுக்குது, சேர்” என்றாள். இதைத்தான் பதினொரு கடிதங்களிலும் எழுதியிருந்தாள். வாயால் சொல்லும்போது அது மிகச் சிறிய விஷயமாகக் கேட்டது.

தலைவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. கதிரையை முன்னே இழுத்தார். “தங்கச்சி, வடிவா யோசியுங்கோ. நாலு மைக்கிறோகிராம் காத்திலை ஒரு பிள்ளைக்கு இழுக்குதெண்டால் அது காத்தாலை இல்லை. வீட்டிலை பூனை நிக்குதோ?”

“நிண்டது. செத்துப் போச்சு.”

“எப்பிடி?”

“இருமி இருமி.”

“பாத்தீங்களோ” என்றார் தலைவர். “அப்ப பூனைதான்.”

பிறகு ஒன்பதாவது நிபந்தனையை எடுத்து வாசித்தார். சபை தொடங்கிய நாளிலிருந்து அதை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்தவர் அவளைத் தவிர வேறு யாருமில்லை என்றார். அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பதாக முடிவானது.

விழா ஆடியில் நடந்தது. “தூய வளிக் கிராமம்” என்று ஒரு பெயர்ப்பலகை தெருமுனையில் நாட்டினார்கள். ஆலை முகாமையாளர் முதலில் பேசினார்.

“எங்கள் ஆலையிலிருந்து எண்ணூறு மீற்றர் தூரத்தில் இந்தக் காற்று இருக்கிறது. ஆலை வருவதற்கு முன்னர் இங்கே இவ்வளவு தூய காற்று இருந்தது என்பதற்கு எவரிடமும் ஆதாரம் இல்லை. ஆகவே இது ஆலை தந்த காற்று என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.”

அடுத்துத் தலைவர் பேசினார். “சபை என்ன செய்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். சபை அளக்கிறது. அளந்த இடத்தில் மாசு இல்லை. மாசு இருக்கிற இடத்தை நாங்கள் இன்னும் அளக்கவில்லை. இந்தச் சபை இருக்கும்வரை குடாநாட்டில் மாசு என்பது பதிவாகாது என்று உங்களுக்கு உறுதியளிக்கிறேன்.”

ஊர்ச்சனம் கை தட்டியது. பாதிப்பேர் இருமலுக்கு நடுவே தட்டினார்கள்.

தலைவருக்குப் பூச்செண்டு கொடுக்க வினோஜாவைத் தெரிவுசெய்திருந்தார்கள். மேடைக்கு ஆறு படிகள். நான்காவது படியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் மேலும் கீழும் போய்வந்தன. அறிவிப்பாளர், “மழலைச் செல்வம் மகிழ்ச்சியில் திக்குமுக்காடி நிற்கிறாள்” என்றார். உதயகலா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சிறந்த பொறுப்பேற்பாளர் சான்றிதழ். அதை வாங்காமல் மேடையை விட்டு இறங்க விடமாட்டோம் என்றார்கள்.

காற்று இவ்வளவு தூயதாக இருப்பதால், ஆலைக்கு இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கிடைத்தது. வினோஜா பள்ளிக்கூடம் போவது நின்றது.

சபையிடம் நல்ல காற்று இருந்தது. அதைச் சும்மா விட்டுவைக்க மனம் வரவில்லை. ஆவணியிலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு பஸ் வந்தது. மயிலிட்டியிலிருந்து தொய்வு, இழுப்பு வருத்தக்காரர் இருபத்திரண்டு பேர். கடற்காற்றில் உப்பு அதிகம் என்பதால் அவர்களைத் தெரிவுசெய்தார்களாம். வைரவர் கோயில் வேம்புக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகளில் வரிசையாக இருத்தி, ஒலிபெருக்கியில் ஓர் உத்தியோகத்தர் சொல்லிக்கொடுத்தார்.

“மூச்சை உள்ளுக்கு இழுங்கோ. நல்லா இழுங்கோ. இது நாலு மைக்கிறோகிராம் காத்து. ஒருத்தரும் வீணாக்காதேங்கோ.”

இழுத்தவர்கள் இருமினார்கள்.

“பழைய காத்து வெளியிலை போகுது. பயப்பிடாதேங்கோ.”

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது சிறந்த பொறுப்பேற்பாளரின் கடமை என்று உதயகலாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. முதற் சனிக்கிழமை அவள் தேத்தண்ணிப் பேணியை நீட்டியபோது, முன்வரிசையில் இருந்த லூர்த்தம்மா என்கிற மனுசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. கையில், இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப்.

“பிள்ளை, உந்தக் கருப்பு என்ன, முகில்தானே?”

“இல்லை அம்மா. தார்ப் பைக்ரறிப் புகை.”

“நான் நினைச்சன். எங்கடை அடைக்கலநாதன் அண்ணை முகிலெண்டு சொல்லிக் குடை விரிச்சிட்டார்.” பக்கத்துக் கதிரையில் இருந்த கிழவரைக் காட்டினாள். குடைக்குக் கீழே அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுக்குப் போராடினார்.

“ஏன் அம்மா வாறனீங்கள்?”

“வராட்டி இந்தப் பம்ப் தரமாட்டினமாம். பம்ப் இல்லாட்டிச் செத்துப் போவன். வந்தாலும் செத்துப் போவன் போலைதான் கிடக்கு. எண்டாலும் பஸ் சும்மாதானே.”

ஒவ்வொரு சனியும் லூர்த்தம்மா வந்தாள். உதயகலாவின் வீட்டுப் படியில் இருந்து வினோஜாவோடு கதைத்தாள். தன் வீடு கடலுக்கு முன்னால் என்றாள். மகன் பிரகாஸ் இயந்திரப் படகில் போகிறவன், மருமகள் றொசாந்திக்கு வினோஜாவின் வயதில் ஒரு பெட்டை இருக்கிறாள், பெயர் றோஸ், வாய் ஓயாது என்றாள். அங்கே காற்று வடிவாகக் கன்னத்தில் அடிக்கும் என்றாள்.

“அப்ப ஏன் உங்களுக்கு வருத்தம்?” என்றாள் வினோஜா.

“எனக்கு முப்பது வருசம் மீன் வாடியிலை புகை குடிச்ச வருத்தம், மோனை. உனக்கு என்னத்துக்கு?”

நான்காவது சனிக்கிழமை இரண்டு புகைபோக்கிகளும் சேர்ந்து புகைத்தன. முதலில் அடைக்கலநாதன் கதிரையிலிருந்து சரிந்தார். அவரைப் பஸ்ஸோடு வந்த அம்புலன்சில் ஏற்றினார்கள். அதே நேரம் வினோஜாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. உதயகலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்புலன்சுக்கு ஓடினாள். வாசலில் நின்ற உத்தியோகத்தர் பட்டியலைப் பார்த்தார்.

“விலாசம்?”

“இத்தியடி.”

“இது தூய வளி கிடைக்காத ஊர் ஆக்களுக்கு, தங்கச்சி. உங்களுக்குக் கிடைக்குது.”

கதவு சாத்தப்பட்டது. பின்னால் ஓடி வந்த லூர்த்தம்மா தெருவிலேயே குந்தி, தன் பம்பைப் பிள்ளையின் வாயில் வைத்து அமத்தினாள். ஒருதரம். இரண்டுதரம். உதயகலா மூச்சை எண்ணினாள். நாற்பத்தாறு. நாற்பத்தொன்று. முப்பத்தைந்தில் பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

“உதயகலா, இஞ்சை பார்” என்றாள் லூர்த்தம்மா, மூச்சு வாங்கியபடி. “உன்ரை பிள்ளையை என்னோடை விடு. நீ வரேலாது, தெரியும். மாமன் கட்டிலிலை, மனுசன் தோட்டத்திலை. பிள்ளையையாவது விடு.”

உதயகலாவுக்கு அந்த மனுசியை நான்கு சனிக்கிழமைகள்தான் தெரியும். சுபாஸ்கரனைப் பார்த்தாள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தவன், பிள்ளையின் செருப்பை எடுத்துவரப் போனான்.

பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கணக்கு எடுத்தார்கள். வந்தவர்கள் இருபத்திரண்டு. திரும்புகிறவர்களும் இருபத்திரண்டாக இருக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் விசாரணை வரும். கூடினால் பஸ்ஸில் அனுமதி இல்லை. அன்று பஸ்ஸோடு வந்திருந்த கஜானன் பட்டியலோடு பஸ் படியில் நின்றான். வினோஜாவைப் பார்த்தான். உதயகலாவைப் பார்த்தான். பிறகு குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னான்.

“அடைக்கலநாதன், வயது எழுபத்தொன்று” என்று கூப்பிட்டான்.

“ஓம்” என்றாள் வினோஜா. குரல் கரகரத்திருந்ததால், உள்ளே இருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கஜானன் “முன்னேற்றம்” என்ற நிரலில் சரி போட்டான். உண்மையான அடைக்கலநாதன் அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் காலமானார். சபையின் பதிவேட்டின்படி அவர் நலமடைந்து, பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வீடு திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் லூர்த்தம்மாவின் தொலைபேசியிலிருந்து வினோஜா கதைத்தாள்.

“அம்மா, நான் ஓடினனான்.”

“எவ்வளவு தூரம்?”

“றோஸோடை, வள்ளங்கள் நிக்கிற இடம் மட்டும். இடையிலை நிக்கேல்லை. அவள்தான் நிண்டவள்.”

உதயகலா தொலைபேசியைக் காதோடு அழுத்தி, பிள்ளை பேசாத இடைவெளிகளில் மூச்சைக் கேட்டாள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. ஒரு சத்தமும் இல்லாத மூச்சு.

“அம்மா, நிக்கிறியளோ?”

“நிக்கிறன், பிள்ளை. சாப்பிட்டியோ?”

“ஓம். சனிக்கிழமை பஸ் வருந்தானே. நானும் லூர்த்தம்மாவோடை வீட்டை வாறன்.”

“வேண்டாம், பிள்ளை. ஞாயிறு அம்மா அங்கை வருவன்.”

“எனக்கு வீட்டை வரவேணும்.”

உதயகலா யன்னலால் வெளியே பார்த்தாள். வேலிக்கு அப்பால் புகையில் ஒன்றும் தெரியவில்லை.

“அந்த பஸ் வருத்தக்காரருக்கு, செல்லம். உனக்கு இப்ப வருத்தம் இல்லைத்தானே.”

மறுமுனையில் கடல் இரைந்தது. பிறகு பிள்ளை இருமினாள். மூன்று தரம், விட்டு விட்டு, பலமாக.

இரண்டு வருடமாகக் கேட்ட காது. அது பொய் இருமல் என்று உதயகலாவுக்கு முதல் இருமலிலேயே தெரிந்துவிட்டது.